ஐ தொங்கிய பஸ்

எனக்கு நாலு பாஷையில் எழுதத் தெரியும், ஒரு பாஷையிலும் படிக்கத் தெரியாது. இருபத்து மூன்று வயதுவரை இதுதான் என் நிலைமை. சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், ஒரு ஊரே சிரித்து முடித்த விஷயம்தான்.

சர்க்கஸில் பிறந்து வளர்ந்தவள் நான். அம்மா கம்பி மேல் குடை பிடித்து நடப்பாள். ஒரு ஊரில் கூடாரம் இருபது நாள் நிற்கும், மிஞ்சினால் ஒரு மாதம். பள்ளிக்கூடம் என்பது எங்கள் மைதானத்துக்கு எதிரில் இருக்கிற கட்டடம், அதற்குமேல் எனக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. ஆறு வயதில் வளையத்துக்குள் உடம்பை மடக்கிப் புகுந்து வருவேன். பத்து வயதில் யானை முதுகில் நின்று சலாம் போடுவேன். வாசல் பலகைகளுக்கு எழுத்து எழுதுகிற ஆள் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனான். மழையில் வெளுத்த பலகையை யாராவது பூச வேண்டும், உயரத்துக்கு பயப்படாத ஆளாகவும் இருக்க வேண்டும். என்னை ஏற்றிவிட்டார்கள். வெளுத்த எழுத்தின் மேலேயே பிரஷ்ஷை ஓட்டினேன். ஆந்திராவுக்குப் போனால் ஜாங்கிரி பிழிந்த மாதிரி எழுத்து, கேரளாவுக்குப் போனால் வயிறு பெருத்த எழுத்து. எனக்கு எல்லாமே படம்தான். புலி வரைகிற மாதிரி எழுத்தையும் வரைந்தேன்.

தீபத் திருவிழாவுக்குத் திருவண்ணாமலையில் கூடாரம் அடித்திருந்தபோது அம்மா விழுந்தாள். வலையின் விளிம்பில் பட்டுத் தரைக்கு வந்துவிட்டாள். இடுப்பு எலும்பு போயிற்று. அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த இரண்டு மாதத்துக்குள் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு எல்லோரும் போய்விட்டார்கள். அப்பாவும் அவர்களோடு போனவர்தான், திரும்பவில்லை. அவரைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை, விட்டுவிடுகிறேன். அப்போது எனக்கு வயது பதினெட்டு.

செங்கம் ரோட்டில், ஆசிரமம் தாண்டி ஒரு அறை எடுத்தோம். சர்க்கஸ் உடுப்புக்கு ஜிகினா தைத்த கை அம்மாவுடையது, உட்கார்ந்த இடத்திலேயே பிளவுஸ் தைக்க ஆரம்பித்தாள். நான் போர்டு எழுதப் போகிறேன் என்றேன். வீட்டுக்காரம்மா வந்து வாசலில் நின்றாள்.

"வயசுப் பொண்ணு ஏணி ஏறினா ஊரு இன்னா பேசும்?" என்று கேட்டாள்.

"இவ்ளோ நாளு ஊரு டிக்கெட் வாங்கிப் பாத்துச்சுங்க. இனிமே சும்மா பாத்துட்டுப் போவட்டும்" என்றாள் அம்மா, ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே. அந்த அம்மாள் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பாவாடைக்குள் கால்சட்டை போட்டுக்கொண்டு ஏறினேன். முதல் வேலை கீழ்பென்னாத்தூரில் ஒரு மல்லாட்டை விதைக் கடை. வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். கடைக்காரர் மாடிச் சுவரின் உச்சியில் பெயர் வேண்டும் என்றார். சாரம் கட்ட வேண்டுமே என்று கவலைப்பட்டார். சாரமாவது ஒன்றாவது! கைப்பிடிச் சுவரில் கயிறு கட்டி இடுப்பில் முடிந்துகொண்டு தொங்கியபடியே எழுதினேன். கீழே சந்தைக்கு வந்த கூட்டம் அண்ணாந்து நின்றது. சிவப்பு முகம், மஞ்சள் விளிம்பு, அடியில் கறுப்பு நிழல்; சர்க்கஸ் வாசலில் எழுதிய அதே எழுத்துதான். உயரத்தில் எழுதும்போது எழுத்தைக் கொஞ்சம் நெட்டையாக இழுக்க வேண்டும், அப்போதுதான் கீழிருந்து பார்ப்பவனுக்குச் சரியாகத் தெரியும். அது எனக்குக் கைவந்த விஷயம். கடைக்காரர் ரோட்டின் அந்தப் பக்கம் போய் நின்று பார்த்துவிட்டு, "பஸ்ஸுல போறவன்கூட எறங்கிடுவான் போல கீதே" என்றார்.

படிக்கத் தெரியாது என்பதை எப்படி மறைத்தேன் என்று கேட்பீர்கள். சுலபம். யார் வேலை கொடுத்தாலும், "உங்க கையால ஒரு சீட்டுல எழுதிக் குடுத்துடுங்க. அப்புறம் நீங்க ஒண்ணு சொன்னீங்க, நான் ஒண்ணு எழுதினேன்னு பேச்சு வரக்கூடாது பாருங்க" என்பேன். கறாரான பெண் என்று மதிப்பு வேறு கூடியது. சீட்டு வந்ததும், "ஒரு தடவ படிச்சுக் காட்டிடுங்க" என்பேன். அவர் படிப்பார், நான் மனத்தில் வாங்கிக்கொள்வேன். எழுத்து கோழிக் கிறுக்கலாக இருந்தால், நான் முன்பு எழுதிய போர்டுகளில் அதே உருவம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடித்து வரைவேன். சீட்டுகளைத் தூக்கிப் போடாமல் ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்தேன். ஐந்து வருஷம் ஓட்டினேன். ஒரு பயலுக்கும் சந்தேகம் வரவில்லை.

எழுபதுகளின் கடைசியில் அரசாங்கம் எழுத்தை மாற்றியது. உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். பழைய 'லை'யின் தலையில் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு இருக்கும். யானையோடு வளர்ந்த எனக்கு அந்த எழுத்தின் மேல் தனி ஆசை. பழைய 'ணா'வுக்குக் கால் தனியாக இருக்காது, உள்ளேயே சுழித்து மடங்கியிருக்கும். இவற்றையெல்லாம் எடுத்துவிட்டு மற்ற எழுத்துகளைப் போலவே காலும் கொம்பும் தனியாகப் போட வேண்டும் என்று சட்டம் வந்தது. எங்கள் ஊர் பெயரைப் பாருங்கள். 'ணா'வும் இருக்கிறது, 'லை'யும் இருக்கிறது. எந்த ஊருக்கும் வராத கேடு எங்கள் ஊருக்கு வந்தது.

அந்தச் சமயத்தில்தான் மூன்று பஸ் வைத்திருந்த ஒரு முதலாளி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பஸ் வேலை என்றால் எங்கள் தொழிலில் பெரிய இடம். சுவர் நின்ற இடத்தில் நிற்கும், பஸ் நாலு ஊர் போய் நம் கையெழுத்தைக் காட்டிவிட்டு வரும்.

"பஸ்ஸுக்கு எழுதுவியாம்மா?"

"எதுக்கு வேணாலும் எழுதுவேங்க."

"புது எழுத்துல வேணும். கெவர்மெண்ட்டு மாத்திட்டான், தெரியுமில்ல?"

"தெரியுங்க" என்றேன். அந்த ஒரு 'தெரியுங்க'தான் என்னைக் கவிழ்த்தது.

வழக்கம்போலச் சீட்டு கேட்டேன். "திருவண்ணாமலை, வேலூர். ஊரு பேரு எழுத சீட்டு எதுக்கும்மா?" என்று சிரித்தார். நானும் அசட்டுத்தனமாகச் சிரித்து வைத்தேன்.

நேராக டீக்கடைக்குப் போனேன். "புது எழுத்துன்றாங்களே, அது இன்னாண்ணே?" என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். டீக்கடைக்காரர் சிந்திய டீயில் விரலை நனைத்து மேஜையில் 'ண' போட்டார், பக்கத்தில் ஒரு கால் போட்டார். "அவ்ளோதாம்மா. ஒட்டிக்கினு இருந்தத பிரிச்சு வுட்டுட்டான். ணாவுக்குக் காலு தனி, லைக்குக் கொம்பு தனி" என்று ஓரமாக ஒரு கொம்பை மட்டும் போட்டுக் காட்டினார். அதற்குள் யாரோ பன் கேட்டார்கள், எழுந்து போய்விட்டார். கொம்பை எங்கே போடுவது என்று கேட்டிருக்கலாம். கேட்டால் தெரியாது என்பது தெரிந்துவிடுமே. கௌரவம்! வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

எனக்கு நானே யோசித்தேன். 'ணா'வின் கால் எழுத்துக்குப் பின்னால் வருகிறது. சரி, இரண்டு சுழி சேர்ந்த அந்தக் கொம்பு எங்கே வரும்? 'கடை' என்று நூறு தடவை எழுதியிருக்கிறேன். முதலில் க, அடுத்து அந்தக் கொம்பு, அடுத்து ட. ஆக, கொம்பு க-வுக்குப் பின்னால் நிற்கிறது, க-வோடது. கால் எப்படியோ அப்படித்தான் கொம்பும். இதைவிடப் பொருத்தமாக யார் யோசிக்க முடியும்? சாக்பீஸ் தடவிய நூலைச் சுண்டிக் கோடு போட்டு, ம எழுதி, ல எழுதி, அதற்குப் பின்னால் அந்தக் கொம்பை அழகாக வளைத்து நிறுத்தினேன். முன் நெற்றியில் ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. மூன்று இடத்திலும் நிழல் கொடுத்தேன். என் கைக்கு நானே திருஷ்டி கழிக்கலாம் போல இருந்தது.

பஸ் விடியற்காலை முதல் டிரிப்பில் வேலூர் போய்விட்டது. மத்தியானம் அது திரும்பும்போது ஸ்டாண்டில் போய் நின்றேன், என் எழுத்து ஊருக்குள் நுழைவதைப் பார்க்க. பஸ் வளைந்து உள்ளே வந்தது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "திருவண்ணாமல... ஐ! எல்லாரும் எறங்கு! திருவண்ணாமல... ஐ!" என்று கத்திக்கொண்டு வந்தான். உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். வெளியே நின்றவர்கள் போர்டைப் பார்த்துச் சிரித்தார்கள். பூக்காரியும் சிரித்தாள். எல்லோருக்கும் புரிந்தது எனக்கு மட்டும் புரியவில்லை. நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

முதலாளி ஆபீசுக்கு வரச் சொன்னார். ஜன்னல் வழியாக பஸ்ஸைக் காட்டி, "அதப் படி" என்றார்.

"திருவண்ணாமலை, வேலூர்" என்றேன்.

சுவரில் தொங்கிய காலண்டரைக் காட்டினார். "இதப் படி."

காலண்டரில் எனக்குத் தெரிந்தது சாமி படம் மட்டும்தான். அவர் விரலை எடுக்கவில்லை.

"அஞ்சு வருஷமா ஊர ஏமாத்தியிருக்கே" என்றார்.

"ஏமாத்தலீங்க. வரைஞ்சேன்" என்றேன். அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததால் அது கோபமாக வெளியே வந்தது. அவர் கதவைக் காட்டினார். ஊரின் இன்னொரு எழுத்துக்காரரை வைத்து அன்றைக்கே கொம்பை அழித்து மாற்றினார்கள்.

விஷயம் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. எனக்கு 'மலஐ' என்று பெயர் வைத்தார்கள். வேலை கொடுக்க வந்தவர்களும், "இன்னாம்மா, ஐயை எங்கனா தொங்க வுட்டுடப் போற" என்று சொல்லிவிட்டே கொடுத்தார்கள். அப்புறம் கொடுக்கவும் வரவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த ஊரில் எவன் 'மலை' என்று முழுசாகச் சொல்கிறான்? 'திருணாமல' என்றுதான் எல்லோரும் சொல்வது. வாயால் ஐ-யை முழுங்குகிறவர்கள், நான் தள்ளி வைத்ததற்கு அவ்வளவு சிரித்தார்கள்.

நான்கு நாள் அறையை விட்டு நான் வெளியே போகவில்லை. ஐந்தாம் நாள் அம்மா கத்திரியைக் கீழே வைத்தாள். "கூடாரத்துல விழுந்தவ இன்னா பண்ணுவா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியும். விழுந்தவள் எழுந்து, விழுந்த இடத்திலேயே நின்று, சிரித்துக்கொண்டு சலாம் போட்டுவிட்டுத்தான் திரைக்குள் போக வேண்டும். எலும்பு உடைந்திருந்தால்தான் விலக்கு.

"உனக்கு எலும்பு ஒடைஞ்சிருக்கா?"

"இல்ல."

"அப்ப எதுக்கு உள்ளயே குந்திக்கினு கீற?"

விழுந்த இடம் பஸ் ஸ்டாண்டு. அங்கேயே போனேன். படித்தே தீருவது என்று முடிவு செய்துவிட்டேன். எங்கே, யாரிடம் என்பதுதான் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்க மாட்டார்கள், யாரிடமும் போய் உட்கார எனக்கு மனசில்லை. ஸ்டாண்டில் நின்று யோசித்தபோது காதில் விழுந்தது: "வேலூர் வேலூர் வேலூர்!" பார்த்தேன். அந்த பஸ்ஸின் நெற்றியில் ஒரு போர்டு. பக்கத்தில், "போளூர் போளூர்!" அதன் நெற்றியிலும் ஒரு போர்டு. அட! ஒவ்வொரு போர்டின் கீழும் நின்று ஒருவன் அதைத் தொண்டை கிழிய வாசித்துக்கொண்டிருக்கிறான். இதைவிடப் பள்ளிக்கூடம் வேண்டுமா?

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, தினமும் காலையில் போய் உட்கார்ந்தேன். வேலூர், போளூர், கீழ்பென்னாத்தூர். மூன்றும் 'ர்' என்று முடிகின்றன. மூன்றின் வாலிலும் ஒரே உருவம், தலையில் புள்ளி. அன்றைக்கு அது ஒன்றுதான் படித்தேன், குதிக்க வேண்டும் போல இருந்தது. அடுத்து வேலூரும் வேங்கிக்காலும். இரண்டும் 'வே' என்று ஆரம்பிக்கின்றன; இரண்டிலும் முதலில் ஒரு கொம்பு, அதற்கப்புறம் வ. இங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. வாய் 'வ'வைத்தான் முதலில் சொல்கிறது, கையோ கொம்பை முதலில் போடுகிறது. அப்படியானால் கொம்பு தன் எழுத்துக்கு முன்னாலும் நிற்குமா? செங்கம் பஸ் வந்தது. அதிலும் கொம்பு முன்னால். போளூரில் முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால், நடுவில் 'ப' நின்றது, இரண்டு போலீஸ்காரர்கள் பிடித்துக்கொண்டு போகிற ஆள் மாதிரி.

அவலூர்பேட்டை பஸ்தான் என் கண்ணைத் திறந்தது. அதன் கண்டக்டர் 'அவ்லூர்ட்ட' என்று பாதியை முழுங்குவான். "அண்ணே, முழுசா சொல்லுங்க" என்றேன். முறைத்துவிட்டு, "அ-வ-லூர்-பேட்-டை! போதுமா?" என்றான். கடைசி எழுத்தைப் பார்த்தேன். கொம்பு, அதற்கப்புறம் ட. டை. கொம்பு ட-வோடது! 'கடை'யில் அது க-வுக்குப் பின்னால் நிற்கவில்லை; ட-வுக்கு முன்னால் நின்றிருக்கிறது. நூறு தடவை எழுதிய எழுத்து யாருடையது என்று தெரியாமலே எழுதியிருக்கிறேன். ஸ்டாண்டு நடுவில் உட்கார்ந்து, அன்றைக்கு அழாததையெல்லாம் அழுது தீர்த்தேன். கண்டக்டர் பயந்துபோய், "நான் ஒண்ணும் சொல்லலியேம்மா" என்றான்.

ஐந்து மாதத்தில் போர்டு எழுத்து எல்லாம் பிடிபட்டது. கையெழுத்து வேறு மாதிரி, அது மசியவில்லை. அப்போதுதான் பிஸ்கட் டப்பா ஞாபகம் வந்தது. ஐந்து வருஷச் சீட்டுகள். எதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு மனப்பாடம், படிக்கத்தான் தெரிந்திருக்கவில்லை. ஒவ்வொன்றாகப் பிரித்து, வாய்க்குத் தெரிந்ததைக் கண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு அரிசி மண்டிக்காரர் சீட்டின் அடியில், எனக்குப் படித்துக் காட்டாமல் விட்ட ஒரு வரியாக, 'கூலியைக் குறைத்துக் கேள்' என்று தன் மகனுக்கு எழுதி வைத்திருந்தார். அடப்பாவி என்று சிரித்தேன்.

பிறகு பஸ் முதலாளியிடம் போனேன். "இப்ப படிக்கத் தெரியுங்க. இன்னொரு பஸ் குடுங்க" என்றேன். "போம்மா" என்றார். அடுத்த மாதம் போனேன். "ஒனக்கு வெக்கமே கெடையாதா?" என்றார். "ஜாஸ்திங்க. அதான் வர்றேன்" என்றேன். மூன்றாம் தடவை போனபோது அவருக்கு வேறு வழியில்லை. புது பஸ் ஒன்று பாடி கட்டி வந்து ஷெட்டில் நின்றது. மறுநாள் பூஜை. அன்றைக்குக் கொம்பை மாற்றிய எழுத்துக்காரரோ தேர்தலுக்குச் சுவர் எழுதப் போய்விட்டார். "சும்மா காலண்டரப் படிச்சுக் காட்டுறேன்னு ஆரம்பிக்காத. எனக்கு நேரமில்ல" என்றார் முதலாளி. ஒரு தாளில் சரசரவென்று எழுதி, நாலாக மடித்து, "வேங்கிக்கால் ஷெட்டுல மேஸ்திரி இருப்பாரு. அவர்கிட்ட குடு" என்றார்.

பாதி வழியில் ரோட்டோரமாக நின்று அந்தச் சீட்டைப் பிரித்தேன். அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கலாமா என்று நீங்கள் கேட்கலாம். பிரித்தேன், அவ்வளவுதான். யாரும் எனக்குப் படித்துக் காட்டாத, யாரும் கத்திச் சொல்லாத எழுத்து. விரல் வைத்து ஒவ்வொன்றாகப் போனேன். 'இந்தப் பொம்பளைக்குப் படிக்கத் தெரியவில்லை. பக்கத்திலேயே நின்று எழுத்து எழுத்தாகச் சரி பார்.'

இரண்டாம் தடவையும் படித்தேன். மூன்றாம் தடவை சத்தமாகப் படித்தேன். கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எனக்குப் படிக்கத் தெரியவில்லை என்று எழுதியிருப்பதை நான் படித்துவிட்டேன்! இதைப் போய் யாரிடம் சொல்ல? சைக்கிளில் போன ஒருவர் நின்று, "இன்னாம்மா, நல்ல சேதியா?" என்று கேட்டார். "ரொம்ப நல்ல சேதிங்க" என்றேன்.

ஷெட்டில் மேஸ்திரியிடம் சீட்டைக் கொடுத்தேன். படித்தார். என் முகத்தைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஒண்ணுமில்லம்மா. வேலைய சீக்கிரம் முடிக்கச் சொல்லியிருக்காரு" என்றார். நல்ல மனுஷன். எனக்காகப் பொய் சொல்கிறார்.

"அண்ணே, அப்படி எழுதலை அவரு" என்றேன். ஒரு எழுத்து விடாமல் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நின்னு பாருங்கண்ணே, தப்பில்ல. ஆனா அவரு இன்னும் பழைய லைதான் எழுதறாரு, அதையும் சொல்லிடுங்க."

ஏணியைச் சாத்தி ஏறினேன். அவர் கீழே கைகட்டி நின்றார். தி எழுதினேன், உதடசைத்துப் படித்தார். ரு எழுதினேன். வ எழுதினேன். ண் எழுதி மேலே புள்ளி வைத்தேன். கீழே சத்தம் இல்லையே என்று திரும்பிப் பார்த்தேன். மேஸ்திரி ஷெட் வாசலைத் தாண்டி டீ குடிக்கப் போய்க்கொண்டிருந்தார். தப்பு வரக்கூடிய எழுத்தெல்லாம் இனிமேல்தான் இருந்தன. கூப்பிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. கூப்பிடவில்லை. பிரஷ்ஷை நனைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்துப் படித்து, மீதியை எழுதி முடித்தேன்.